கம்பி பொய் சொல்லாது

அந்த நாய் முழுக் கறுப்பா, கழுத்தில் மட்டும் வெள்ளை இருந்ததா என்று இப்போது என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. நடந்தவற்றின் வரிசையிலும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. பல்லுக்காரர் இணைய இணைப்பு வாரியத்தின் கிளைக்கு எத்தனை முறை போனார் என்பதைச் சொன்னவர்களே மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஆனால் அதிகாரிகள் பேசிய பேச்சு மட்டும் சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. அப்படிப்பட்ட பேச்சை யாரும் சொந்தமாகக் கட்டிவிட முடியாது.

பல்லுக்காரர் என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த மனிதர் பல்செட் செய்கிறவர். பல ஊர்களிலிருந்து மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களுக்குப் பல் கட்டிக் கொடுப்பார். வரிசை ஒரே சீராக இருந்தால் பொய்ப்பல் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்பதால், மேல்வரிசைக் கோரைப்பல் ஒன்றை மயிரிழை அளவு சாய்த்து வைப்பது அவருடைய வழக்கம். வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருப்பார். பேச வேண்டிய வேலை இல்லை. அவரும் பேசுகிறவர் இல்லை.

அந்த வீட்டில் பேச்சு முழுவதும் அக்காவுடையது. அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் குரல் போகவில்லை. "தம்பி அவர்களின் கவனத்திற்கு, சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது" என்று சமையலறையிலிருந்து அறிவிப்பு வரும். அதைக் கேட்டு முதலில் எழுந்து போவது நாய்தான். அதன் பெயர் மேனேஜர். வாசலை மறித்துப் படுத்துக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், போகிற வருகிறவர்களையெல்லாம் ஏன், எதற்கு என்று விசாரித்ததால் அக்கா வைத்த பெயர் அது. அக்காவின் குரலைத் தவிர வேறு எந்தக் குரலுக்கும் அது காது கொடுத்ததில்லை.

அந்தக் குரலில்தான் கோளாறு வந்தது. தொண்டையில் ஒரு கட்டி. வெளியூரில், ஓர் இரவு ரயில் தூரத்தில் இருந்த பெரிய மருத்துவமனையில் அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். இருவரும் புறப்பட்டார்கள். நாயைக் கீழ்வீட்டில் குடியிருந்த கண்ணாடிக்கடைக்காரரிடம் ஒப்படைத்தார்கள். மூக்குக்கண்ணாடி விற்கிறவர். நல்ல மனிதர் என்றுதான் பெயர். மாடியில் இருந்த இணைய இணைப்பின் கடவுச்சொல்லை முதல் மாதமே வாங்கிக்கொண்டார். "மேலருந்து கீழ வர்ற காத்துக்கு வாடகையா கேக்கப் போறீங்க?" என்று சிரித்தார். நாயைப் பற்றி மட்டும் அவ்வப்போது முனகுவார். "எனக்குத் தூக்கமே இல்லீங்க. உங்க மேனேஜர் ஓவர்டைம் பாக்குறாரு."

அறுவை நல்லபடியாக முடிந்தது. அக்கா பேசக்கூடாது என்று சிலேட்டு ஒன்றைக் கையில் கொடுத்திருந்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அதில் அவர் எழுதிய முதல் வரி: "மேனேஜர் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்" என்றார் பல்லுக்காரர்.

அன்று பிற்பகல், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தபோது, நகராட்சி நாய்க் காப்பகத்திலிருந்து ஒரு மெயில் வந்து கிடந்தது. தங்கள் பெயரில் பதிவான நாய் தெருவில் கேட்பாரற்றுத் திரிந்த நிலையில் பிடிக்கப்பட்டுள்ளது. பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து வெள்ளிக்கிழமை மாலைக்குள் உரிமை கோராவிட்டால் விதிப்படி கருணை ஊசி போடப்படும். கீழே பச்சை எழுத்தில், 'வாயில்லா ஜீவன்களை நேசிப்போம்.'

கண்ணாடிக்கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"அட, ஆமாங்க. கேட்டு எப்படியோ தொறந்துக்கிச்சு. காத்தோ என்னமோ. நானே சொல்லலாம்னுதான் இருந்தேன், நீங்க ஆஸ்பத்திரி டென்ஷன்ல இருப்பீங்களேன்னு விட்டுட்டேன்."

"நீங்க போயி கூட்டிட்டு வர முடியுமா?"

"கடைய யாருங்க பாக்குறது? அதுவும் ஓனர் எழுதிக் குடுக்காம விடமாட்டாங்க."

அது உண்மைதான். பல்லுக்காரர் பதில் எழுதினார். *நாய் என்னுடையது. ஊர் திரும்பியதும் வந்து அழைத்துக்கொள்கிறேன். அதுவரை வைத்திருங்கள்.* அனுப்பு என்பதை அழுத்தினார். திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று வந்தது. 'நீங்கள் உங்கள் இணைப்பில் இல்லை. அனுப்புதல் மறுக்கப்படுகிறது.'

மறுபடி அழுத்தினார். மறுபடி சிவப்பு. மருத்துவமனை இணைப்பு வேறொரு கம்பெனியுடையது. அவருடைய மெயில் கணக்கோ, வீட்டு இணைப்போடு சேர்த்து இணைப்பு வாரியம் கொடுத்தது. கைப்பேசி இணைப்பில் முயன்றார்; அதுவும் வேறு கம்பெனிதான். எழுதிய மெயில்களெல்லாம் 'அனுப்பக் காத்திருப்பவை' என்ற பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துகொண்டன.

காப்பகத்துக்குப் போன் செய்தார்.

"போன்ல யார் வேணா நாய் என்னுதுன்னு சொல்லலாம் சார்" என்றார் அங்கிருந்தவர். "பதிவு பண்ண ஐடில இருந்து வரணும். வேற ஐடில இருந்து வந்தா நேரா குப்பைக்குப் போயிரும். எங்களுக்கே தெரியாது."

வாரியத்தின் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். நெடுநேரம் போனில் வீணை இசை ஒலித்த பிறகு ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம் சார், எங்கிருந்தும் இணைந்திருங்கள், சொல்லுங்க."

சொன்னார்.

"மெயில் வருதா சார்?"

"வருது. போகத்தான் மாட்டேங்குது."

"வருதுல்ல? அப்ப கணக்கு நல்லாத்தான் சார் இருக்கு. இப்ப வீட்டுல இருக்கீங்களா?"

"இல்லம்மா. அதான் பிரச்சினையே."

"அப்ப வீட்டுக்குப் போயிட்டு கூப்பிடுங்க சார். வீட்டுல இருந்தும் போகலைன்னாதான் நாங்க புகாரா எடுத்துக்க முடியும்."

"வீட்டுல இருந்தா போயிருமே."

"போயிரும் சார்" என்றாள் அவள், மகிழ்ச்சியாக. "அப்ப புகாரே இருக்காது."

அறைக்குத் திரும்பினார். அக்கா சிலேட்டைத் திருப்பிக் காட்டினார். "யார்கூடப் பேசினே? மேனேஜர் கூடவா?" அவர் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை அந்த ஊரிலேயே வாரியத்தின் கிளை இருப்பது தெரிந்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனார். வாரியத்தின் கட்டடத்துக்குள், வாரியத்தின் கம்பியிலேயே செருகி அனுப்பினால் எப்படி மறுக்கும் என்று நினைத்தார். அப்படி நினைத்ததை அவர் பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை; வெட்கம்.

உள்ளே நுழைந்த நேரம் பத்து மணி. மணி அடித்தது. ஊழியர்கள் எல்லோரும் எழுந்து சுவரில் இருந்த ஓர் இணைப்புப் பெட்டியை நோக்கித் திரும்பி நின்றார்கள். கிளை மேலாளர் முன்னால் வந்து, அதிலிருந்த கம்பியைப் பிடுங்கி, முனையை வாயருகே வைத்து ஊதி, மறுபடி செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. கைதட்டினார்கள். வரிசையில் காத்திருந்தவர்களும் நிற்க வேண்டியிருந்தது. கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் காவலாளி வந்து எழுப்பிவிட்டான்.

"என்னங்க இது?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

"கம்பி வணக்கம்" என்றார் அவர். "முந்தியெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவதான். புகார் அதிகமானதும் தெனம் ஆக்கிட்டாங்க."

முகப்பு மேசையில் இருந்த இளைஞன் பல்லுக்காரர் சொன்னதை முழுவதும் கேட்டான். கேட்டதும் வருத்தமாகச் சிரித்தான்.

"இங்கருந்து போகாது சார். உங்க கணக்கு வேற வட்டம், உங்க ஊரு வட்டம்."

"இதே வாரியந்தானே தம்பி?"

"வாரியம் ஒண்ணுதான் சார். வட்டம் வேற."

"உங்க கம்பியும் எங்க கம்பியும் எங்கயாவது போயி சேரத்தானே செய்யுது?"

அவன் முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்தினான். "அப்படியெல்லாம் இங்க சத்தமா பேசாதீங்க. மேல போயி அயல்கம்பி அதிகாரியப் பாருங்க."

அயல்கம்பி அதிகாரியின் அறை இரண்டாம் மாடியில் இருந்தது. கண்ணாடிப் பேழை ஒன்றில், வெல்வெட் துணியின்மேல், வாரியம் முதன்முதலில் போட்ட கம்பியின் ஒரு முழம் கிடந்தது. எதிரே அதிகாரி. பெரிய உடம்பு, மேசைமேல் ஒரு தட்டில் கடலை. ஒவ்வொன்றாக எடுத்து மென்றுகொண்டே பேசினார். பல்லுக்காரருக்கு ஆட்களின் முகத்தைவிட வாய்தான் முதலில் கண்ணில் படும். அதிகாரியின் வாயைப் பார்த்தார்.

"உக்காருங்க. மெயில் அனுப்பணும், அவ்ளோதானே? ரொம்பச் சாதாரண விஷயம். ஆனா உங்களுக்கு ஏன் மறுக்குறோம்னு நீங்க யோசிச்சுப் பாத்தீங்களா? உங்களக் காப்பாத்தத்தான்."

"யாருகிட்டருந்து சார்?"

"உங்ககிட்டருந்து!" அதிகாரி ஒரு கடலையை மேலே போட்டு வாயால் பிடித்தார். "அதாவது நீங்கன்னு சொல்லிக்கிற ஆளுகிட்டருந்து. இப்ப நீங்க நீங்கதாங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

"கடவுச்சொல் இருக்கு. அடையாள அட்ட இருக்கு."

"கடவுச்சொல்ல திருடலாம். அட்டைய அடிக்கலாம். மனுஷன் பொய் சொல்லுவான், சார். இருபத்தஞ்சு வருஷமா இந்த நாற்காலில உக்காந்து நான் கத்துக்கிட்டது அதான். நானே சொல்லியிருக்கேன். ஆனா கம்பி பொய் சொல்லாது. உங்க வீட்டுக் கம்பில வந்தா அது நீங்க. வேற கம்பில வந்தா அது நீங்க இல்ல. இதவிடத் தெளிவா ஒரு விதி எழுத முடியுமா? நான்தான் எழுதுனேன்."

பேசும்போது அவருடைய மேல்வரிசை விளக்கொளியில் மின்னியது. வலப்பக்கக் கோரைப்பல் மயிரிழை அளவு சாய்ந்திருந்தது.

பல்லுக்காரர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். ஈறு நிறத்தில் அவர் கலக்கும் லேசான ஊதாச் சாயல்கூட அப்படியே இருந்தது. சந்தேகமே இல்லை. அந்தப் பற்களை ஏதோ ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து, கன்னத்தில் குத்தக்கூடாதே என்று ஓரங்களை விரலால் தடவித் தடவித் தேய்த்தது அவர்தான். அந்த வேலையின் மெழுகு வாசனை மூக்கில் ஏறியது.

"நாளன்னைக்கு ஒரு நாயக் கொல்லப் போறாங்க சார்" என்றார்.

"அடப் பாவமே" என்றார் அதிகாரி, உண்மையான வருத்தத்தோடு. "எங்க வீட்டுலயும் நாய் இருக்கு. அதுக்கு வழி இல்லாம இல்ல. வெளியூர் அனுப்பு அனுமதின்னு ஒண்ணு இருக்கு. உங்க பதிவு மெயில்ல இருந்து ஒரு வேண்டுகோள் அனுப்புங்க. ஒரே நாள்ல குடுத்துருவோம்."

"அந்த மெயில்தான் சார் போகல."

"அனுமதி இல்லாம எப்படிப் போகும்?"

அதிகாரி இன்னொரு கடலையை மென்றார்.

"சரி, உங்களப் பாத்தா நல்ல மனுஷனா தெரியுது. இருப்புச் சோதனைக்கு எழுதுறேன். உங்க வட்டத்து ஆளு உங்க வீட்டுல போயி நேர்ல பாத்துட்டு, நீங்க அங்க குடியிருக்கீங்கன்னு அறிக்கை குடுப்பார். நாளைக்குக் காலைல வாங்க."

மறுநாள் காலை பல்லுக்காரர் போனபோது கம்பி வணக்கம் முடிந்திருந்தது. அறிக்கையும் வந்திருந்தது. அதிகாரி அதை உரக்கப் படித்தார். "சோதனை அலுவலர் நேரில் சென்று கதவைத் தட்டினார். மேற்படி நபர் வீட்டில் இல்லை."

"நான்தான் இங்க இருக்கேனே சார்!"

"அது எங்களுக்கும் தெரியுது. ஆனா அறிக்கை என்ன சொல்லுது? அந்த ஆளு அங்க இல்ல. வீட்டுலயே இல்லாத ஒருத்தர வீட்டுக்காரர்னு எப்படி சார் எழுதுறது?" தாளை மடித்து வைத்தார். "மனசத் தளர விடாதீங்க. வாரியத்துக்கு இதயம் உண்டு. போன வருஷம் ஒருத்தர், மக கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். இதே பிரச்சினை. பேசாம அந்த மாப்பிள்ளையையே இவர் ஊருக்கு வரவழைச்சு, கல்யாணத்த இவர் வீட்டுக்கு மாத்திக்கிட்டாங்க. எங்களுக்கு நன்றிக் கடிதம் வந்துச்சு."

பல்லுக்காரர் எழுந்தார். கதவுவரை போனவரை அதிகாரியே கூப்பிட்டார். இடதும் வலதும் பார்த்துவிட்டு, ரகசியம் சொல்கிறவர் போல மேசைமேல் சாய்ந்தார்.

"இங்க பாருங்க. அதிகாரியா சொல்லல, ஒரு மனுஷனா சொல்றேன். உங்க வீட்டு லைன்ல வேற யாராவது உண்டா?"

"கீழ்வீட்டுக்காரர் இருக்கார்."

"அப்பறம் என்ன? அவர விட்டு அனுப்பச் சொல்லுங்க. உங்க பேரப் போட்டு."

"என் கடவுச்சொல்ல அவருக்குக் குடுக்கணுமா?"

"கடவுச்சொல்லா?" அதிகாரி சிரித்தார். சாய்ந்த கோரைப்பல் முழுதாகத் தெரிந்தது. "அது எதுக்கு? உங்க கம்பில இருந்து வந்தா நாங்க ஒண்ணுமே கேக்கமாட்டோம். அனுப்புறவர்னு எந்தப் பேரப் போட்டாலும் போகும். அதான் சார் நம்பிக்கைங்கிறது."

இதைக் கேட்ட அந்த நிமிடத்திலேயே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் மூன்று நாளாகத் தூங்காத மனிதர். படிக்கட்டில் உட்கார்ந்து அங்கேயே போன் செய்தார்.

"இதுல என்ன இருக்கு, பல்லுக்காரரே?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "ரெண்டு வரிதானே. உங்க பேரு, உங்க ஐடி, காப்பகத்து ஐடி, அவ்ளோதான? நான் பாத்துக்கிறேன். நீங்க அக்காவக் கவனிங்க."

"நாய் என்னுது, வந்து கூட்டிக்கிறேன்னு மட்டும் எழுதுங்க."

"தெரியுது, தெரியுது."

அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். "போயிருச்சுங்க. அழுத்துனதும் பறந்துருச்சு. ஒரு கேள்வி கேக்கல. நல்ல லைன்தான் நம்மளுது."

அறைக்குப் போனதும் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். நாய் பிடிபட்டது, மெயில், சிவப்புப் பெட்டி, கடலை, எல்லாம். அத்தனை பேச்சை அவர் ஒரே மூச்சில் அதற்கு முன் பேசியதில்லை. அக்கா முதலில் சிலேட்டால் அவர் தோளில் ஓர் அடி வைத்தார். பிறகு எழுதினார்: "பொய் சொல்ல உனக்கு வராது. முதல் நாளே தெரியும்." அதைத் துடைத்துவிட்டு இன்னொரு வரி: "மேனேஜர் அவர்களின் கவனத்திற்கு: நாங்கள் வந்துகொண்டிருக்கிறோம்." இருவரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். அக்காவுக்குத் தையல் இழுத்தது.

மதியத்துக்கு மேல் காப்பகத்திலிருந்து பதில் வந்தது. வருவதற்குத்தான் தடையில்லையே.

'தங்கள் ஒப்புதலுக்கு நன்றி. தாங்கள் கோரியபடி நடவடிக்கை எடுக்கப்படுகிறது.' அதன் கீழே, அவர் எழுதியதாக அவர் பெயரிலேயே ஒரு கடிதம். *ஐயா, வீட்டில் நோயாளி இருப்பதால் இனி நாயை வைத்துக்கொள்ள இயலாது. அதற்குச் சிரமம் கொடுக்காமல் கூடிய சீக்கிரம் முடித்துவிடவும். கழுத்துப் பட்டை முதலானவையும் எனக்குத் தேவையில்லை.*

அவர் அதை ஒரு முறைதான் படித்தார்.

காப்பகத்துக்குப் போட்ட போனை அதே ஆள்தான் எடுத்தார். "சார், காலைல மெயில்ல வேணாங்கிறீங்க, இப்ப போன்ல வேணுங்கிறீங்க. இதுல எது நீங்க?"

"போன்ல பேசுறதுதாங்க நான். வெள்ளிக்கிழம சாயங்காலம் வரைக்கும் நேரம் குடுத்திருக்கீங்களே!"

"அது பதில் வராத நாய்க்கு சார். உங்களுதுக்குத்தான் பதில் வந்துருச்சே. மாத்தணும்னா ஒரு மெயில் போடுங்க, பதிவு பண்ண ஐடில இருந்து."

வாரியத்தின் கிளையை மூடும் நேரம். காவலாளி தடுத்ததையும் மீறிப் படியேறினார். அதிகாரி பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். நடந்ததைக் கேட்டார். தன் கணினியில் எதையோ தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதோ இருக்கே! பதினொண்ணே காலுக்கு உங்க கம்பில இருந்து, உங்க பேர்ல போயிருக்கு. சுத்தமான மெயில். ஒரு சிக்கலும் இல்ல."

"அத நான் எழுதல சார்."

"எங்க பதிவுப்படி நீங்கதான் எழுதியிருக்கீங்க."

"நான் உங்க முன்னாடி நின்னு சொல்றேன். எழுதல."

"நீங்க சொல்றீங்க. கம்பி வேற சொல்லுது." அதிகாரி அவர் தோளில் கை வைத்தார். கையில் கடலைத் தோல் ஒட்டியிருந்தது. "கோவப்படாம யோசிச்சுப் பாருங்க. மூணு நாளா நம்ம அமைப்ப ஒரு வெளியாள் உடைக்கப் பாத்திருக்கான். ஆஸ்பத்திரி லைன்ல, செல்போன் லைன்ல, எங்க ஆபீசுக்குள்ளயே வந்துகூட. ஒரு தடவயாவது உடைக்க முடிஞ்சுதா? இல்ல. கடைசில உண்மையான மெயில் மட்டும் போயிருக்கு. இது நம்ம வட்டத்துக்கே பெருமை. பயிற்சி வகுப்புல உதாரணமா சொல்லலாமான்னு பாக்குறேன். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

பல்லுக்காரர் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு விரலை உள்ளே விட்டு அந்த வரிசையைப் பிடுங்கி எடுத்துவிட அவரால் முடியும். எந்த இடத்தில் பிடித்தால் கழன்று வரும் என்று உலகத்தில் அவருக்குத்தான் தெரியும். கை எழவில்லை. திரும்பிப் படியிறங்கினார். வாசலில் கைப்பேசி துடித்தது. வாரியத்திலிருந்து ஒரு செய்தி. இன்றைய சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

அக்காவை வார்டு செவிலியரிடம் சொல்லி ஒப்படைத்துவிட்டு அன்றே ரயிலேறினார். காலையில் இறங்கியவர் வீட்டுக்குப் போகாமல் நேராகக் காப்பகத்துக்குப் போனார். கூண்டுகளில் நாய்கள் கத்திக்கொண்டிருந்தன. காப்பாளர் குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரோடு ரோமம் மிதந்து வந்து வடிகால் வாயில் சுருண்டு நின்றது.

"அதுவா? நேத்து சாயங்காலமே முடிஞ்சுருச்சு சார். ஓனரே எழுதிட்டா நாங்க தாமதமே பண்றதில்ல." குழாயை மூடினார். "நல்ல நாய் சார். கூப்பிட்டா மட்டும் திரும்பாது. செவிடோ என்னமோ."

"பட்டைய மட்டும் குடுங்க."

"பட்டையும் வேணாம்னு எழுதியிருக்கீங்களே சார். எரிச்சாச்சு."

வீட்டு வாசலில் யாரும் அவரை மறிக்கவில்லை. கீழ்வீட்டுக் கதவு திறந்தது. கண்ணாடிக்கடைக்காரர் பனியனோடு வந்து நின்றார். நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"வந்துட்டீங்களா? அக்கா எப்படி? நான் உங்க நல்லதுக்குத்தான் பண்ணேங்க. குரலே போனவங்க எப்படி அத அடக்குவாங்க? நீங்களா இருந்தா முடிவெடுக்க மாட்டீங்க. யாராவது ஒருத்தர் எடுத்துத்தானே ஆகணும்? என் பேர்லயா எழுதுனேன், உங்க பேர்லதானே? மதிப்பு உங்களுக்குத்தான்." காதைச் சாய்த்தார். "பாத்தீங்களா, எவ்ளோ அமைதியா இருக்கு!"

பல்லுக்காரர் மாடி ஏறினார். பின்னறையில் உட்கார்ந்தார். பாதி தேய்த்த பல்வரிசைகள் மேசையில் அப்படியே இருந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் மடிக்கணினியைத் திறந்து வைத்தார். திறந்ததும் அது வீட்டு இணைப்பைக் கண்டுகொண்டது. ஒரு சின்ன மணியோசை. பிறகு இன்னொன்று. அனுப்பக் காத்திருந்த மெயில்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தன. நாய் என்னுடையது. நாய் என்னுடையது. நாய் என்னுடையது. அவர் எதையும் தொடவில்லை. அத்தனையும் போய் முடிந்த பிறகு, மேலே பச்சையில் ஒரு வரி வந்தது. 'நீங்கள் உங்கள் இணைப்பில் இருக்கிறீர்கள். நல்வரவு.'

கொஞ்ச நேரத்தில் காப்பகத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வந்தது. கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது, வாயில்லா ஜீவன்களை நேசிப்போம்.

அயல்கம்பி அதிகாரிக்கு அந்த ஆண்டே பதவி உயர்வு கிடைத்தது. இப்போது எல்லா வட்டங்களிலும் கம்பி வணக்கம் காலையும் மாலையும் நடக்கிறது. உதவி எண்ணில் பேசிய பெண் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனாள். அங்கிருந்து அவளுடைய மெயிலும் போகவில்லை என்று கேள்வி. கண்ணாடிக்கடைக்காரரைக் காலி செய்யச் சொன்னார்கள்; அவர் எதிர்வீட்டுக்குக் குடிபோனார். அங்கே இரண்டு நாய்கள். பல்லுக்காரர் வீட்டு இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி எழுதினார். அதை வீட்டிலிருந்தே அனுப்பியதால் ஒரே நாளில் முடிந்தது. சில மாதம் கழித்து, சாய்ந்த கோரைப்பல்லோடு ஒரு மேல்வரிசை விரிசல் விட்டுப் பழுதுபார்க்க வந்தது. அவர் அதைச் சரியாகவே செய்து அனுப்பினார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அக்காவுக்குக் குரல் திரும்பியது. பழைய குரல் அல்ல, உலர்ந்த ஒரு கரகரப்பு. அக்கா வீட்டுக்கு வந்த அன்றுவரை, நாய் இறந்ததைத் தம்பி சொல்லியிருக்கவில்லை. அக்கா வாசலில் நின்றார். மருத்துவர் இன்னும் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தும் வாயைத் திறந்து, "மேனேஜர்" என்று கூப்பிட்டார். இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு உள்ளே போய்ச் சிலேட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன்பின் அந்த வீட்டில் பேச்சு மிகவும் குறைந்துவிட்டது.